ஆடும் மலைக்குள்ளே ஒரு ரோடு



நிலநடுக்கம் வரும் மலையைக் குடைந்து யாராவது ரோடு போடுவார்களா? துருக்கி நாட்டில் போட்டிருக்கிறார்கள். இஸ்தான்புல்லுக்கும் தலைநகர் அங்காராவுக்கும் நடுவே போலு மலை இருக்கிறது. குளிர்காலத்தில் மலைப்பாதையில் பனி கொட்டினால் லாரி, பஸ் எல்லாம் திணறிப்போகும். அதனால் 1993-ல் சுமார் 3 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதை தோண்ட ஆரம்பித்தார்கள். போக ஒன்று, வர ஒன்று.

ஆனால் அந்தப் பக்கம்தான் வட அனடோலியப் பிளவு போகிறது. அங்கே பூமியின் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன.

பூமி ஆடினால் சுரங்கம் மூடிக்கொள்ளாதா? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. கட்டடத்தின் உச்சிக்குப் பிடிமானம் கிடையாது, அதனால் அதிகம் ஆடும். சுரங்கத்தையோ சுற்றிலும் பாறை பிடித்திருக்கிறது. பாறையோடு சேர்ந்தே அதுவும் ஆடும். அப்படின்னா ஆபத்து எங்கே? முக்கியமாக இரண்டு இடத்தில். ஒன்று, பாறைக்குப் பதில் களிமண் இருக்கும் இடம். மற்றொன்று, பிளவு சுரங்கத்தைக் குறுக்கே வெட்டும் இடம்.

1999 நவம்பர் 12-ல் அங்கே 7.2 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. அந்த வட்டாரத்தில் 800 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பாதி வேலையில் இருந்த சுரங்கத்தில் களிமண் பகுதி இடிந்தது. இதைக் கவனியுங்கள்: இடிந்த இடத்தில் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி அடித்த தற்காலிகப் பூச்சுதான் இருந்தது. கனமான கான்கிரீட் போட்டு முடித்த பகுதி பெரும்பாலும் தாங்கி நின்றது.

பொறியாளர்கள் மனம் தளரவில்லை. இடிந்த பகுதியை விட்டுவிட்டு வேறு வழியாகத் தோண்டினார்கள். பிளவுகள் குறுக்கிடும் இடத்தில் கான்கிரீட்டை ஒரே குழாயாகப் போடாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக இடைவெளி விட்டுப் போட்டார்கள். ஏன் தெரியுமா? ஒரு சாக்பீஸை வளைத்துப் பாருங்கள், படக்கென்று ஒடியும். வளையல்களை வரிசையாக அடுக்கி நடுவில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் விலகும், ஆனா உடையாது!

2007 ஜனவரியில் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள்.

நிலநடுக்கம் இந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை முடியட்டும் என்று அது காத்திருக்கவும் செய்யாது. ரோடு திறந்த பிறகு வண்டியில் போகிறவர்கள் மட்டுமா உயிர்? தோண்டும்போது உள்ளே நிற்கிற தொழிலாளியும் உயிர்தானே? அதனால தற்காலிகமா வைக்கிற தாங்கலும் பலமா இருக்கணும். போலு மலை கற்றுக்கொடுத்த பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.