உறைவிட வேனில் சூரிய மின்சாரத்தைப் பெருக்கும் முறை

வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் அமைத்து, தூரத்து நிலத்தில் இரவு தங்குவதற்கும் குடும்பத்துடன் யாத்திரை செல்வதற்கும் உபயோகிப்போர், அதன் கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தி, விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் பெறுவதுண்டு. பின்பு குளிர்ப்பெட்டி ஒன்றும் சேர்ந்தால் மின்சாரம் போதாமற்போகும். மேலும் இரண்டு தகடுகளை வாங்கிப் பூட்டிவிட்டால் குறை தீர்ந்துவிடுமென்று கருதுவது தவறு. அதனால் பணம் வீணாவதோடு, வண்டி தீப்பற்றவும் இடமுண்டு.

இவ்வமைப்பைக் கிணற்றுப் பாசனத்துக்கு ஒப்பிடலாம். தகடு ஊற்று, பாட்டரி தொட்டி, சார்ஜ் கண்ட்ரோலர் மடை, கம்பி வாய்க்கால். ஊற்றை மட்டும் பெருக்கி, மற்றவற்றைப் பழைய அளவிலேயே விட்டால் பயன் இராது.

செலவுக் கணக்கு: 45 வாட் குளிர்ப்பெட்டி நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி ஆகும். 20 வாட் விசிறி 8 மணி நேரத்துக்கு 160, விளக்குகளுக்கு 50, கைப்பேசி முதலியவற்றுக்கு 50. ஆக, நாளொன்றுக்கு 800 வாட்-மணி.

தகடு: நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்குச் சமமாக உத்தேசம் 5 மணி நேரம் கொள்ளலாம். ஆனால் கூரையில் படுக்கையாக இருப்பதாலும், உஷ்ணத்தாலும், தூசியாலும் 100-க்கு 30 பங்கு குறையுமென்று கழிக்கவேண்டும். ஆகவே 100 வாட் தகடு ஒன்று 350 வாட்-மணியே தரும். மூன்று தகடுகள் 1,050 தரும். தகட்டின் சூடு 25 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும், சக்தியில் 100-க்குச் சுமார் 0.4 பங்கு குறைவதால், அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது அவசியம்.

பாட்டரி: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய பாட்டரியில் 1,200 வாட்-மணி அடங்கும். அதில் பாதிக்குமேல் அடிக்கடி செலவிட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே உபயோகத்துக்கு உரியது 600 மட்டுமே. மேகமூட்டமான ஒரு நாளைக்கும் அது போதாது. 200 ஆம்பியர்-மணி வேண்டும். பழைய பாட்டரியுடன் புதியதைச் சேர்த்துப் பூட்டலாகாது. பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

கண்ட்ரோலர்: 300 வாட்டை 12 வோல்ட்டால் வகுக்க 25 ஆம்பியர் வரும். முன்பு வைத்த 10 ஆம்பியர் கருவி இதற்கு ஏலாது. 30 ஆம்பியர் கருவி தேவை. தகடுகளைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும். பக்க இணைப்பில் ஆம்பியர் கூடும். பளுவில்லாதபோது 22 வோல்ட் காட்டும் மூன்று தகடுகள் தொடரில் 66 வோல்ட் ஆகும். குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும். 50 வோல்ட் மட்டுமே தாங்கும் கருவி அதனால் பழுதாகிவிடும். பக்க இணைப்பில் மூன்று தகடுகள் சேருமிடத்து, ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் வேண்டும்.

கம்பி: மின்னோட்டம் இரு மடங்கானால் அதே கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். தீ விபத்துக்கு இதுவே முக்கிய காரணமாகலாம். ஆகையால் தடித்த செப்புக்கம்பியை இடுவதுடன், பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே தக்க பியூஸ் வைக்கவேண்டும். இணைக்கும்போது முதலில் பாட்டரியையும் பின்பு தகடுகளையும் கண்ட்ரோலருடன் பூட்டவேண்டும். கழற்றும்போது இம்முறையை மாற்றிச் செய்யவேண்டும். ஈய பாட்டரியில் எரியும் வாயு உண்டாவதால், அது இருக்குமிடத்துக்குக் காற்றுப்போக்கும் வேண்டும்.

வயற்கொட்டகையில் சூரிய விளக்கு வைத்திருப்போருக்கும் இக்கணக்கு பொருந்தும். செலவை முதலில் எழுதிப்பார்த்து, தொட்டி, மடை, வாய்க்கால் ஆகியவற்றைச் சரிப்படுத்திய பின்னரே ஊற்றைப் பெருக்குவது நலம்.