மாத்தளை மிளகின் விலை எங்கே முடிவாகிறது?

மாத்தளை மாவட்டத்தில் உக்குவளை, இரத்தோட்டை, யட்டவத்தை பக்கம் போனால், வளவுக்கு நாலு மிளகுக் கொடியாவது சீமைக்கிளுவையில் ஏறி நிற்கும். பக்கத்தில் பாக்கு, பலா, கொக்கோ எல்லாம் கலந்து நிற்கும். பெருந்தோட்டம் அல்ல, வீட்டைச் சுற்றிய நிலம்தான். இலங்கை மிளகில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு வளவுகளில்தான் விளைகிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான் இருக்கிறது. கொடி வளர்ப்பதும் பறிப்பதும் முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பதும் இங்கே நடக்கிற வேலை. ஆனால் கிலோவுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில் புது டில்லியில் வெளியாகும் அறிவித்தல்களுக்கு இருக்கும் பங்கு பெரியது.

காரணம் எளிது. இலங்கை வெளியே அனுப்பும் மிளகை மிக அதிகமாக வாங்கும் நாடு இந்தியா. இந்தியாவிலேயே மிளகு விளைகிறதே, வயநாடும் இடுக்கியும் குடகும் இருக்கும்போது நம்முடையது எதற்கு என்று கேட்கலாம். அங்கே வீட்டுச் சமையலுக்கும் மசாலாத் தூளுக்கும் தேவை பெரிது. அதோடு இன்னொரு தேவையும் உண்டு. கொச்சியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் மிளகிலிருந்து எண்ணெயையும் ஓலியோரெசின் என்ற பிசின் சாற்றையும் பிரித்தெடுத்து, உலகெங்கும் உள்ள உணவுக் கம்பெனிகளுக்கு விற்கின்றன. இந்த வேலைக்கு மணியின் பருமன் முக்கியமல்ல, உள்ளே உள்ள காரமும் எண்ணெயும்தான் முக்கியம். காரத்தைத் தரும் பொருள் பைப்பரின். இலங்கை மிளகில் இது அதிகம்.

அதனால்தான் சந்தையில் இரண்டு வகை மிளகு உண்டு. ஒன்று நன்றாக முற்றிய மிளகு. மற்றது முற்றுவதற்கு முன்பே பறித்துக் காயவைத்த பிஞ்சு. வியாபாரிகள் இதை 'லைட் பெரி' என்பார்கள். சேகரிப்புக் கடையில் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். கடைக்காரர் சாக்கில் கை விட்டு ஒரு பிடி அள்ளுவார். ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு ஒரு லீட்டர் கொள்ளும் பாத்திரத்தில் நிரப்பித் தராசில் வைப்பார். முற்றிய நல்ல மிளகென்றால் லீட்டருக்கு 500, 550 கிராம் நிற்கும். பிஞ்சு அதைவிட வெகுவாகக் குறையும். அந்த எடையை வைத்துத்தான் விலை பேசுவார்கள்.

பிஞ்சில் பைப்பரினும் எண்ணெயும் கூடுதல் என்பதால் கொச்சித் தொழிற்சாலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. ஆனால் விளைவிப்பவருக்கு இதில் நட்டமும் உண்டு. முற்றிய பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். பிஞ்சில் அவ்வளவும் தேறாது. இருந்தும் பலர் முந்திப் பறிக்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு காத்திருக்காது. கொடியில் விட்டுவைத்தால் இரவில் யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

இனி எல்லைக்கு வருவோம். எந்த நாட்டிலிருந்து மிளகு வந்தாலும் இந்தியாவின் பொதுவான இறக்குமதித் தீர்வை 70 வீதம். 100 ரூபா பெறுமதியான மிளகு துறைமுகத்தில் இறங்கினால், வாங்குபவருக்கு அது 170 ரூபாவாகிவிடும். இலங்கைக்கு மட்டும் சலுகை உண்டு. இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28 அன்று கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஆண்டுக்கு 2,500 தொன் மிளகு தீர்வையே இல்லாமல் போகலாம். இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போகும் மிளகு பல ஆண்டுகளில் இந்த ஒதுக்கீட்டைத் தாண்டிவிடுகிறது. மிஞ்சுவது தெற்காசிய சுதந்திர வர்த்தக வலய உடன்படிக்கையின்கீழ் 8 வீதத் தீர்வையோடு போகிறது. ஆக அதே 100 ரூபா மிளகு ஒரு வழியில் 100 ஆகவும், இன்னொரு வழியில் 108 ஆகவும் இந்திய வியாபாரியின் கைக்குச் சேருகிறது. உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் வியட்நாமுக்கு ஆசியான் உடன்படிக்கையில் சலுகை இருந்தும், தீர்வை 50 வீதத்தை ஒட்டியே நின்றது.

இந்த இடைவெளிதான் மாத்தளை மிளகுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம். தொந்தரவுக்கு வேரும் இதே இடைவெளிதான். வியட்நாம் மிளகை மலிவாக வாங்கிக் கொழும்பில் இறக்கி, இலங்கை மிளகென்று பெயர் மாற்றி இந்தியாவுக்கு அனுப்பினால், ஐம்பது வீதத்துக்கும் எட்டு வீதத்துக்கும் இடையிலுள்ள காசு நடுவில் நிற்பவரின் பைக்குப் போகும்.

அதைத் தடுக்கத்தான் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் இருக்கிறது. இலங்கையில் இதை வர்த்தகத் திணைக்களம் வழங்குகிறது. மிளகு போன்ற விளைபொருளுக்கு நிபந்தனை ஒன்றுதான்: முழுக்க இந்நாட்டு மண்ணில் விளைந்திருக்க வேண்டும். தொழிற்சாலைப் பொருளென்றால் ஏற்றுமதிப் பெறுமதியில் குறைந்தது 35 வீதம் இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் 10 வீதம் கலந்திருந்தால் 25 வீதம் போதும். இந்த விதி எப்படி வளையும் என்பதற்கு வனஸ்பதி ஒரு பழைய பாடம். உடன்படிக்கை வந்த சில ஆண்டுகளில், வெளிநாட்டுப் பாம் எண்ணெயைக் கொண்டுவந்து இங்கே வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் கிளம்பின. செம்பிலும் அதுவே நடந்தது. இந்தியாவுக்கான நம் ஏற்றுமதி காகிதத்தில் வீங்கிக் காட்டியது. பிறகு இந்தியா ஒதுக்கீடு விதித்தது, தன் தீர்வைகளையும் மாற்றியது. அந்த ஆலைகள் மூடப்பட்டன. தீர்வை வித்தியாசம் ஒன்றையே நம்பி நின்ற தொழில் அது.

மிளகின் கதை அதைவிடக் கொடியது, ஏனென்றால் இதில் அடிபட்டவர்கள் வேறு யாரோ. 2017 இல் வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்ற குற்றச்சாட்டைக் கேரளத்திலும் குடகிலும் விவசாயிகள் உரக்க எழுப்பினார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. வியட்நாமின் மிகை விளைச்சலால் உலக விலை ஏற்கனவே சரிந்துகொண்டிருந்த காலம். 2017 டிசம்பர் 6 அன்று இந்திய அரசு ஒரு எல்லை வகுத்தது: கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்ய முடியாது. அன்றைய நாணய மாற்றில் அது 1,180 இலங்கை ரூபா அளவில் வரும். உலகச் சந்தையில் வியட்நாம் மிளகு ஏறக்குறைய அதில் பாதி விலைக்கே போய்க்கொண்டிருந்தது. ஆக, சாதாரண விலையில் விற்க விரும்பிய இலங்கை ஏற்றுமதியாளருக்கும் வழி அடைபட்டது. அதே மாதத்தில், மிளகு உள்ளிட்ட சில பொருள்களை மறு ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்வதை இலங்கை அரசு தடை செய்தது. சரியான முடிவுதான், ஆனால் பிந்தி வந்த முடிவு.

2015 அளவில் கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டி நின்ற மிளகு, 2018 இல் ஏறத்தாழ பாதி விலைக்கு வந்துவிட்டது. உலக விலையும் இந்திய எல்லையும் சேர்ந்து இழுத்தன. இரண்டையும் பிரித்து அளப்பது கடினம். ஆனால் வெளிநாட்டு மிளகைப் பெயர் மாற்றி அனுப்பியவர்கள் கொழும்பில் கணக்கை முடித்துக்கொண்டார்கள், அதற்கான விலையைக் கொடுத்தவர்களோ இரத்தோட்டையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த அநியாயத்தை நம் பேச்சில் போதிய அளவு யாரும் சொல்வதில்லை. சான்றிதழில் ஒருவர் செய்யும் பொய், ஒரு மாவட்டம் முழுவதன் நல்ல பெயரையும் தின்றுவிடுகிறது.

பின்னர் இந்தியா இந்த விதியில் ஒரு விலக்குத் தந்தது. மிளகை வாங்கிச் சாறு பிரித்து மறுபடி ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கு 500 ரூபா எல்லை பொருந்தாது. கொச்சித் தொழிற்சாலைகள் மூச்சுவிட்டன, நம் பிஞ்சு மிளகுக்கும் வழி பிறந்தது. முற்றிய மிளகுக்கு அந்த நெருக்கடி நீடித்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது மிளகுக்கு ரூபாக் கணக்கில் கூடுதல் கிடைத்தது, உரமும் போக்குவரத்துக் கூலியும் அதைவிட வேகமாக ஏறின. 2024 இல் உலக விலையே மீண்டும் எழுந்ததும் 500 ரூபா எல்லையின் அழுத்தம் தளர்ந்தது. விதி மாறவில்லை, சந்தை அதைத் தாண்டிப் போனது. நாளை சந்தை கீழே இறங்கினால் அதே விதி மறுபடி குறுக்கே நிற்கும்.

இதே மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளையில், எதிர்த்திசை வரவைப் பார்க்கலாம். 1999 இல் திறக்கப்பட்ட தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் நாடெங்குமிருந்து லொறிகள் இரவு முழுக்க வந்து போகும். சுற்றியுள்ள கலேவெல, சீகிரியா பக்கம் பெரிய வெங்காயம் போடுகிறார்கள்; ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை அறுவடை. நம் மக்கள் பம்பாய் வெங்காயம் என்று சொல்லி வாங்குவதில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கடல் வழியாகக் கொழும்புக்கு வருவது. நாசிக்கில் மலிவாக இருக்கும் வாரத்தில் தம்புள்ளைக்காரரின் வெங்காயம் கேட்பாரற்றுக் கிடக்கும். அதைச் சமாளிக்க அரசு கையில் எடுப்பது 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வரும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. அறுவடைக் காலத்தில் இறக்குமதி வெங்காயத்துக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று கூட்டுவார்கள், பிறகு குறைப்பார்கள். கூட்டும் நாள்தான் முக்கியம். அறிவித்தல் வருமென்று முன்கூட்டி மோப்பம் பிடித்தவர்கள் கொள்கலன்களை இறக்கிக் களஞ்சியத்தில் நிரப்பிவிட்டால், பிறகு எவ்வளவு கூட்டினாலும் விவசாயிக்குப் பயன் இல்லை.

வெங்காயம் வராமல் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். தன் நாட்டில் விலை ஏறியதால் 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே கடைகளில் விலை கிடுகிடுவென ஏறியது; பாகிஸ்தான், சீன வெங்காயம் தேடி வாங்க வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன் அனுப்ப இந்தியா தனி அனுமதி கொடுத்தது. மே மாதத் தொடக்கத்தில் தடையே விலகியது, குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் 40 வீத வரியும் ஒட்டிக்கொண்டன. இந்தியா வாங்கும்போதும் விற்கும்போதும் தன் விவசாயியையும் தன் நுகர்வோரையும் பார்த்தே விதி எழுதுகிறது. அதைக் குற்றமென்று சொல்ல முடியாது, எந்த நாடும் அப்படித்தான் செய்யும். நாம் செய்ய வேண்டியது அந்த விதிகளை முன்னதாக வாசித்துக்கொள்வது.

சரக்கு போகும் பாதையைப் பற்றியும் ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் மாத்தளைக்கும் இருந்த வழி மன்னார் வழி. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்களின் கணக்கை எவரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த வழியில் வந்த சனத்தின் கோயில். 1880 இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் இணைப்பும் வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. இன்று மாத்தளை மிளகு தென்மேற்கே கொழும்புக்கு இறங்கி, அங்கே கொள்கலனில் ஏறித் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகிறது. இந்தியாவை நோக்கி நிற்கும் ஊரின் சரக்கு, முதலில் எதிர்ப்பக்கம் போய்த்தான் இந்தியாவுக்குத் திரும்புகிறது. மன்னார் வழி சரக்குக்காக மறுபடி திறந்தால் செலவு குறையுமா என்ற கேள்வி அடிக்கடி எழும். குறையலாம். ஆனால் சுங்கப் பரிசோதனையும் தாவர நோய்த் தடுப்புச் சான்றும் வழங்கும் அலுவலகங்கள் அங்கே இல்லாமல் கப்பல் மட்டும் ஓடிப் பயனில்லை.

மிளகு விற்பவர் இப்போது கவனிக்க வேண்டியவை சில. இந்திய ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதா, இல்லையா என்பது விலையை அசைக்கும். உலக விலை 500 இந்திய ரூபாவுக்கு மேலா கீழா என்பது முற்றிய மிளகின் வழியைத் திறக்கும் அல்லது மூடும். கீழே இருந்தால் ஆலைக்குப் போகும் பிஞ்சுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. மேலே இருந்தால் முற்றவிட்டுப் பறிப்பதே இலாபம், களவுக்குப் பயமில்லாவிட்டால். இந்தத் தகவல் எல்லாம் கொழும்பு ஏற்றுமதியாளரின் கைத்தொலைபேசிக்கு அன்றைக்கே வந்துவிடுகிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்துக்கு ஊர்தோறும் அலுவலர்கள் இருக்கிறார்கள். டில்லியில் ஒரு அறிவித்தல் வெளியானால், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரியில் எழுதி, அன்று மாலைக்குள் சேகரிப்புக் கடையின் சுவரில் ஒட்டச் செய்ய அவர்களால் முடியும்.