பணிவான சொல்லும் அநீதியான சட்டமும்

அரசியலில் பேச்சு மரியாதையாக இருக்க வேண்டும் என்று நாம் எல்லாரும் விரும்புகிறோம். வசைமொழி கேட்டால் முகம் சுளிக்கிறோம். நல்லதுதான். ஆனால் மக்களை நசுக்கும் ஒரு சட்டம் இனிய மொழியில் காக்கப்படும்போது நமக்கு அதே முகச்சுளிப்பு வருகிறதா? 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நடந்ததை நினைவுகூர்வோம். நம் திருச்சபையின் ஆயர் ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு.

அலபாமா மாநிலத்தின் அந்நகரில் கறுப்பின மக்கள் கடையில் பொருள் வாங்கலாம். அதே கடையின் உணவகத்தில் வெள்ளையர் அருகில் அமர்ந்து உண்ண முடியாது. பூங்காக்களை எல்லாருக்கும் பொதுவாக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டபோது, நகர நிர்வாகம் பூங்காக்களையே மூடிவிட்டது! இதை எதிர்த்து ஏப்ரலில் அறப்போராட்டம் தொடங்கியது. ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று மார்ட்டின் லூதர் கிங் கைதானார்.

அதே நாளில் எட்டுச் சமயத் தலைவர்கள் ஓர் அறிக்கை விடுத்தனர். கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டூரிக் அவர்களும் அதில் கையெழுத்திட்டிருந்தார். வசைமொழி ஏதுமில்லை. போராட்டம் விவேகமற்றது, இது அதற்கான காலமும் அல்ல, நீதிமன்றத்தையும் பேச்சுவார்த்தையையும் நாடுங்கள் என்றது. காவல்துறையின் நிதானத்தைப் பாராட்டியது. இவர்கள் இனவெறியர்கள் அல்லர். அந்த ஆண்டு சனவரியில்தான் இனப்பாகுபாடு பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளை மதிக்குமாறு வேண்டியிருந்தார்கள். அதுதான் நம்மை உறுத்துகிறது.

கிங் சிறையிலிருந்து எழுதிய பதிலும் மரியாதையானதே. அவர்களை நல்லெண்ணம் உள்ளவர்களாக ஏற்றுக்கொண்டே எழுதினார். புனித அகுஸ்தீனார், புனித தோமா அக்குவினார் ஆகியோரின் போதனையை எடுத்துக்காட்டி, நீதியான சட்டத்தையும் அநீதியான சட்டத்தையும் பிரித்துக் காட்டினார். காவலர்கள் தெருவில் கண்ணியமாக நடந்தாலும், அக்கண்ணியம் எதைக் காக்கப் பயன்படுகிறது என்று கேட்டார். கறுப்பினப் பெண்களைத் 'திருமதி' என்றுகூட எவரும் அழைப்பதில்லை என்பதையும் சுட்டினார். அந்த ஊரில் மரியாதையும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் சிறுவர் சிறுமியர் ஊர்வலம் போனார்கள். அறிக்கை பாராட்டிய அதே காவல்துறை நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாய்களின் நீர் அவர்களைச் சாய்த்தது.

டூரிக் அவர்கள் பின்னர் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் மறைமாவட்ட ஆயரானார். அங்கே இனச் சமத்துவத்துக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்; தம் மக்களில் பலரின் கோபத்தையும் சம்பாதித்தார். 1975-இல் அவர் ஆயர் பதவியிலிருந்து விலகி, சிறைக்கைதிகளிடையே பணியாற்றச் சென்றார்.