எட்டு மணி நேரம் நின்றால் ஓர் இட்லி

கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டம் நெரியும். ஏழடி உயரத்தில் நிற்கும் சுப்பிரமணிய சுவாமியைப் பார்க்க வந்த குடும்பங்களுக்கு நடுவே, ஷிப்ட் முடித்த கையோடு வந்த பெண்களும் வரிசையில் நிற்பார்கள். கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கும். வல்லம் வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று சுற்றிலும் தொழிற்பேட்டைகள். காரும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் இந்தப் பக்கத்தில்தான் உருவாகின்றன.

அப்படி வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஷிப்ட் முழுக்க நின்னுக்கிட்டேதான் இருக்கேன் அக்கா. ரூமுக்கு வந்தா கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. ஊர்ல இருந்து வந்தப்ப 48 கிலோ. ரெண்டு வருஷத்துல 59 ஆயிடுச்சு. இவ்வளவு உழைச்சும் எப்படி அக்கா வெயிட் ஏறுது?"

நியாயமான கேள்வி. 'சோம்பேறித்தனம்', 'வாயைக் கட்டு' என்றெல்லாம் சொல்லி இதைத் தட்டிவிடக் கூடாது. கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிற்பதற்கும் உட்காருவதற்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் எவ்வளவு வித்தியாசம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெண்களுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 0.1 கலோரி. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். பெருக்கினால் 48 கலோரி. அதாவது, உட்காராமல் ஒரு முழு ஷிப்டையும் நின்றே கழித்தால் கூடுதலாக எரிவது ஒரு சின்ன இட்லி.

அப்படியானால் அந்தக் களைப்பு பொய்யா? இல்லவே இல்லை. ஒரே இடத்தில் நிற்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதில்லை. ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு அதுதான். அது ஓய்ந்தால் ரத்தம் காலில் தேங்குகிறது, பாதம் வீங்குகிறது. இடுப்பும் முதுகும் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கின்றன. கண்ணும் கவனமும் நொடிக்கு நொடி ஒரு சின்ன உதிரிபாகத்தின் மேல் குவிந்திருக்க வேண்டும். இவை எல்லாம் ஆளை ஓய்த்துவிடும். ஆனால் பெரிய தசைகள் அதிகம் வேலை செய்யாததால் கொழுப்பு பெரிதாக எரிவதில்லை. போதாக்குறைக்கு, களைத்து வந்தவள் மிச்ச நேரம் முழுவதும் படுக்கையை விட்டு எழுவதில்லை. ஊரில் தண்ணீர் எடுத்தது, ஆடு ஓட்டியது, பஸ் ஏற இரண்டு மைல் நடந்தது எல்லாம் ஒரேயடியாக நின்றுபோய்விட்டன. கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலுக்கே வருகிறது.

தொழிற்சாலைக்கும் எடைக்கும் உள்ள உறவை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில்தான் நடந்தது. மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜீன் மேயரும் அவருடைய குழுவினரும் அளந்து 1956இல் வெளியிட்டார்கள். மூட்டை தூக்குபவர் முதல், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கடைக்காரர் வரை அதில் உண்டு. கடும் உழைப்பாளிகள் நிறையச் சாப்பிட்டார்கள், ஆனால் மெலிந்தே இருந்தார்கள். அதில் வியப்பில்லை. வியப்பு மறுமுனையில் இருந்தது. அசையாத வேலைக்காரர்கள், ஓரளவு அசைந்து வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். உடம்பு ஓர் அளவுக்குக் கீழே அசைவு குறைந்தால், பசியை அடக்கும் கணக்கே தப்பிப்போகிறது என்று மேயர் கருதினார். சாப்பாடு ஒன்றும் பெரிதாக இல்லை என்று நம் பெண்களுக்குத் தோன்றும்போதே எடை ஏறுவதற்கு இது ஒரு விளக்கம்.

அவளுடைய 11 கிலோவைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டு. பதினொன்றுக்கு 84,700. இரண்டு வருடத்தின் 730 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 116 கலோரி. எடை கூடக்கூட உடலின் தேவையும் கூடுவதால் உண்மையான மிகை இதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். என்றாலும் பெரிய விருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 20 கலோரி. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால், நாளைக்கு மூன்று டீயில் கரைந்த சர்க்கரையே 120 கலோரி. தூக்கம் வராமல் இருக்கக் குடிக்கும் டீ. அதைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஸ்பூன் குறைத்துக்கொள், அடுத்த மாதம் இன்னும் அரை ஸ்பூன் என்றுதான் அவளிடம் சொன்னேன். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

இனி தட்டுக்கு வருவோம். இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது என்று சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. கேன்டீன் தட்டைப் பார்த்தாலே இது புரியும். வெள்ளைச் சோறு மலைபோல, சாம்பார் ஒரு கரண்டி, பொரியல் ஒரு பிடி, அப்பளம். சோறு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், காய் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 55 கிலோ பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 10 கிராமுக்கு மேல், ஒரு கிண்ணம் தயிரில் 6 கிராம் போல. இவற்றைத் தேடிப் பிடித்தால் ஒழிய அந்த 46ஐ எட்டுவது கடினம். புரதமும் நாரும் வயிற்றில் அதிக நேரம் நிற்கும். மாலை நாலு மணிக்கு பஜ்ஜி வாசனை இழுக்காமல் இருக்க, மத்தியானம் சாப்பிட்ட கொண்டைக்கடலை உதவும். மன உறுதியைவிட அது நம்பகமானது.

சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பிடும் வரிசையை மாற்றினாலே பலன் உண்டு. நியூயார்க்கில் 2015இல் நடந்த ஒரு சிறிய சோதனையில், நீரிழிவு உள்ள 11 பேர் காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் ரத்தச் சர்க்கரை, தலைகீழ் வரிசையில் சாப்பிட்டதைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. தட்டு அதே தட்டுதான். பொரியலையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டு சோற்றில் கை வைத்தால், இரண்டாம் முறை சோறு வாங்க எழும் வேகமும் தணிந்துவிடும்.

நைட் ஷிப்ட்தான் உண்மையான சோதனை. நம் உடலில் கணையம், ஈரல், குடல் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கடிகாரம் உண்டு. இரவில் இன்சுலின் மந்தமாகிவிடும். அதே இரண்டு தோசை காலை எட்டு மணிக்கு ஏற்றும் சர்க்கரையைவிட இரவு ஒரு மணிக்கு அதிகம் ஏற்றும். 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 19 பேரை ஆய்வகத்தில் வைத்து இரவு வேலை போன்ற சூழலில் வாழச் செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அளவு 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. இரண்டு குழுவும் இரவில்தான் விழித்திருந்தன. மாறியது சாப்பாட்டு நேரம் மட்டும். ஆய்வகத்தில் சில நாள் இருந்தவர்களும் வருடக்கணக்கில் நைட் பார்ப்பவர்களும் ஒன்றல்ல. ஆனாலும் வழி தெரிகிறது. பத்து மணி ஷிப்டுக்குக் கிளம்பும் முன் எட்டு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். நடு இரவு இடைவேளையில் ஃபிரைடு ரைஸுக்குப் பதில் ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல், மோர். காலையில் வந்ததும் இரண்டு இட்லியோடு படுத்துவிட வேண்டும்.

படுத்தால் தூக்கம் வர வேண்டுமே. 2004இல் சிகாகோ ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. இனிப்பு, உப்புத் தீனிகள்மேல் ஆசை பெருகியது. இனி இங்கே தூங்கும் இடத்தைப் பார்ப்போம். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் தமிழக அரசின் சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அறைக்கு ஆறு பேர். வாடகை வீட்டில் பத்துப் பேர் நெருக்கியடித்துக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஆறு பேரில் இருவர் நைட், நால்வர் முதல் ஷிப்ட் என்றால் யாருக்கும் முழுத் தூக்கம் இல்லை. ஒரே ஷிப்ட் உள்ளவர்களை ஒரே அறையில் போடுவதும், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை மாட்டுவதும் எடைக் குறைப்புத் திட்டங்கள்தான். எந்த ஜிம் விளம்பரமும் இதைச் சொல்லாது.

படியேறுவது பற்றி ஒரு கணக்கு. பத்து மாடி ஏறினால் 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 15 கலோரிதான் செலவு. கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். படியேறுவதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தொடையும் பின்புறமும் உடலின் மிகப் பெரிய தசைகள். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் கிடங்கும் தசைதான். கிடங்கு வேலை செய்தால் சர்க்கரை கொழுப்பாக மாறும் வாய்ப்பு குறைகிறது. அதனால்தான் சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடப்பதை நான் பெரிதும் நம்புகிறேன். உணவு இடைவேளை அரை மணி நேரம். பதினைந்து நிமிடம் சாப்பாடு, பத்து நிமிடம் கேன்டீனைச் சுற்றி நடை. காலில் தேங்கிய ரத்தமும் ஏறும். ஹாஸ்டலில் வாரம் இரண்டு நாள், நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போதும், தொடங்குவதற்கு.

எடை மெஷின் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே, 22.3. யுட்கினுக்கு உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம்மவர் உடல் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைப் பதுக்கி வைக்கும். அதனால்தான் நமக்கு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும், மாதம் ஒரு தடவை.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கண்காணித்து 2006இல் தந்த முடிவு இதைவிட ஆறுதலானது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ பெரிதாக இறங்கவில்லை! மெஷினின் முள் அசையவில்லை என்று மூன்றாம் மாதம் நடையை நிறுத்திவிடும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் மிகை எடை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. ஐந்தாவது கணக்கெடுப்பிலேயே 53.4 சதவீதம் பெண்களுக்கு ரத்தசோகை. எடை கூடியவள் ரத்தம் நிறைந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து நாளில் பத்து கிலோ என்று செல்போனில் வரும் பவுடரை நம்பி, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஷிப்ட் நடுவே மயங்கி விழுந்தால் குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, மூச்சு வாங்குகிறதா, முடி கொட்டுகிறதா? முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால், இருக்கும் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்பு உண்டு. 59 கிலோவுக்கு அது மூன்று கிலோ. மாதம் ஒரு கிலோ என்ற கணக்கில் போனாலே தாராளம்.

இத்தனையும் சொன்ன பிறகு அவள் கேட்டாள்: "எல்லாம் சரிக்கா, சுண்டலுக்கும் முட்டைக்கும் நான் எங்க போறது? கேன்டீன்ல போடறதுதானே சாப்பாடு?"

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46ஆம் பிரிவு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் நடத்த வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது அது. அந்தக் கேன்டீனுக்கு ஒரு நிர்வாகக் குழு, அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருந்தது. மாலை டீயோடு வடைக்குப் பதில் சுண்டல், நைட்டில் ஒரு முட்டை, சர்க்கரை தனியாக என்று, அப்படியொரு குழு இருந்தால், அதில் கேட்கலாம். நான் இதைச் சொன்னதும் அவள் பக்கத்தில் நின்ற தோழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய், நம்ம கம்பெனியில அந்தக் குழுவுல யாருடி இருக்கா?"