இரேனியஸ் எழுப்பிய வினா

திண்டுக்கல்லின் வரலாற்றில் 1835 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. அமெரிக்க மதுரை மிஷன் இவ்வூரில் கால்கொண்ட ஆண்டு அது. அதே ஆண்டில்தான் தெற்கே பாளையங்கோட்டையில் ஒரு குருவானவர், தாம் சார்ந்திருந்த சங்கத்தைவிட்டு விலக்கப்பட்டார். வரலாறு பயிலும் எனக்கு இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் பயனுடையதாகத் தோன்றுகிறது.

அக்குருவானவர் சார்லஸ் தியோபிலஸ் எவால்டு இரேனியஸ். 1790-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1814-இல் சென்னை வந்தார். 1820-இல் பாளையங்கோட்டை சேர்ந்தார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். பூமி சாஸ்திரம் என்னும் நூலை இயற்றினார். ஆங்கிலத்தில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார்.

அவர் காலத்தில் நெல்லைச் சீமையின் சிற்றூர்களில் சபைகள் பெருகின. அவற்றைப் பேணியவர்கள் தமிழ் உபதேசியார்கள். ஆனால் குருப்பட்டம் இல்லாத அவர்கள் திருவிருந்து நடத்த இயலாது. ஆங்கிலத் திருச்சபையின் விதிப்படி பட்டம் கொடுக்கும் உரிமை அத்தியட்சருக்கே உண்டு. 1835 வரை சென்னைக்கெனத் தனி அத்தியட்சர் இல்லை. கல்கத்தா அத்தியட்சரின் ஆளுகையே தென்னாட்டுக்கும் இருந்தது. குருமாரே தகுதியுள்ள உபதேசியார்களுக்குப் பட்டம் தரலாம் என்பது இரேனியஸின் கொள்கை. சங்கம் அதற்கு இணங்கவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் கண்டித்து அவர் எழுதிய மதிப்புரை ஒன்றும் வெளிவரவே, உறவு முறிந்தது.

பாளையங்கோட்டையைவிட்டு ஆற்காடு சென்ற இரேனியஸ், உபதேசியார்கள் அழைக்கவே அதே ஆண்டில் திரும்பி வந்து தனித்து ஊழியம் செய்தார். அதனால் சபைகள் இரண்டுபட்டன. 1838 ஜூன் 5-ஆம் நாள் அவர் காலமானார். அவருடன் பிரிந்த ஷாப்டர் முதலியோர் பின்னர்ச் சங்கத்துக்கே திரும்பினர்.

அப்படியாயின் அவர் பிரிந்தது வீண்தானா? சங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு சபையின் ஊழியர் அதன் ஒழுங்கை மறுத்தால் நிர்வாகம் எங்ஙனம் நடைபெறும்? எனினும், கிராமத்து மக்களின் தேவைக்காக விதி தளர வேண்டுமா, விதிக்காக மக்கள் காத்திருக்க வேண்டுமா என்ற அவருடைய வினா அவரோடு மறையவில்லை.

நம் திண்டுக்கல்லுக்கு வந்த அமெரிக்க மிஷனோ அத்தியட்சர் இல்லாத சபை முறையைச் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இந்த மரபும் நெல்லையின் ஆங்கிலச் சபை மரபும் ஒன்றாயின. அத்தியட்சரின் கையால் பட்டம் பெறாத குருமாரும் மறுபட்டம் இன்றியே ஏற்கப்பட்டனர். இனிமேல் பட்டம் கொடுப்பவர் பேராயரே என்பதும் முடிவாயிற்று. இரு தரப்பும் விட்டுக்கொடுத்துக் கண்ட தீர்வு இது. 1835-இல் பாளையங்கோட்டையில் கிட்டாத இணக்கம் கைகூட 112 ஆண்டுகள் ஆயின.

கொள்கைக்காகப் பிரிந்தவரைத் துரோகி என்றோ தியாகி என்றோ உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவர் கேட்ட வினா என்னவென்று முதலில் அறிவதே வரலாற்று நோக்கு என்பேன்.