கஞ்சாவுக்கு அனுமதி: விவாதத்தில் உழவர் எங்கே?

போன மாதம் எங்கள் வட்டாரக் கூட்டம் முடிந்து எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். மஞ்சளுக்கு விலை கிடைக்காமல் நொந்துபோயிருந்த தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார்.

“ஏனுங்ணா, இதக் கொஞ்சம் பாருங்க. ஹெம்ப்னு ஒரு பயிராம். தண்ணி அதிகம் வேண்டாமாம், பூச்சி வராதாம், ஏக்கருக்கு லட்சக்கணக்குல வருமாம். விதையும் தர்றோம், வெளஞ்சதையும் நாங்களே எடுத்துக்கறோம்னு ஒருத்தரு போன்ல பேசுனாருங்க. முன்பணம் மட்டும் கட்டோணுமாம்.”

பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “அட, இது கஞ்சாச் செடியல்லொ! இதப் போட்டீன்னா போலீசு வந்து உன்னையத்தான் அறுவடை பண்ணிட்டுப் போவாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. “வடக்க கவர்மெண்டே விடுதுங்கறாங்களே?” என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது இப்படி ஒரு ஆசை காட்டினால் யாருக்கும் மனம் அலையத்தான் செய்யும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுவோம்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு. அது பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுகிறோம். சாக்கு நெய்கிற சணல் இன்னொரு செடி. ஹெம்ப் என்பது இந்த இரண்டும் இல்லை. அது கஞ்சா இனமேதான். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் மிகக் குறைவாக உள்ள ரகங்களை நாருக்கும் விதைக்கும் வளர்த்தால் அதற்கு ஹெம்ப் என்று பெயர். சில செய்திகளில் இதையும் சணல் என்றே எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் ஏமாந்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் ‘கஞ்சாச் செடி’தான். “இது போதை இல்லாத ரகமுங்க” என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதியில்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால் அதே சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. 10-வது பிரிவின்படி மாநில அரசு சாகுபடிக்கு அனுமதி வழங்கி ஒழுங்குபடுத்தலாம். 14-வது பிரிவின்படி நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க அரசு அனுமதிக்கலாம். பூவும் பிசினும்தான் சட்டத்தின் பார்வையில் கஞ்சாவும் சரஸும். பூ இல்லாத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வடநாட்டில் சில மாநிலங்களில் பாங்கு கடைகள் உரிமத்தோடு நடப்பது இதனால்தான். 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்கவும் வழி செய்தது.

இரு தரப்பு வாதம்

அனுமதி கேட்கிறவர்கள் சொல்வதைக் கேட்போம். 1893-94-ல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு, நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து ஏழு தொகுதி அறிக்கை தந்தது. அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடில்லை, முழுத் தடையைவிட வரியும் கட்டுப்பாடுமே நல்லது என்பது அதன் முடிவு. 1961-ல் வந்த உலக உடன்படிக்கையால்தான் கதை மாறியது. அதன் தொடர்ச்சிதான் 1985 சட்டம். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. 27 நாடுகள் ஆதரவு, 25 நாடுகள் எதிர்ப்பு. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. தடையால் பயன்பாடு நிற்கவில்லை, சிறு ஆட்கள்தான் சிறைக்குப் போகிறார்கள் என்பதும் இவர்கள் வாதம்.

எதிர்க்கிறவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 2019-ல் வெளியான ஒன்றிய அரசின் கணக்கெடுப்பு, ஓராண்டுக்குள் கஞ்சா வகைகளில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் 3.1 கோடி என்றது. இளம் வயதில் தொடங்கித் தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு மனநோய் ஆபத்து கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். டாஸ்மாக் எத்தனை குடும்பங்களின் வருமானத்தை விழுங்கியது என்று நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் தெரியும். இன்னொரு கடையைத் திறக்கவா என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

இந்த விவாதத்தில் பிடிக்கிறவரைப் பற்றிப் பேசுகிறார்கள், விற்கிறவரைப் பற்றிப் பேசுகிறார்கள், வரியைப் பற்றிப் பேசுகிறார்கள். விளைவிக்கிறவரைப் பற்றிப் பேச ஆளில்லை.

மலையில் நடப்பது

இமயமலைப் பகுதியில் இந்தச் செடி காட்டில் தானாக முளைக்கும். குமாவுன் வீடுகளில் இதன் விதையை அரைத்துச் சட்னி செய்கிறார்கள். குலு பள்ளத்தாக்கில் இதன் நாரில் செருப்பு பின்னுகிறார்கள். உத்தரகாண்ட் 2018-ல் ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் தந்தது. டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. சிக்கல் அங்கேதான். மலைக்காரர்கள் தலைமுறையாக வைத்திருக்கும் நாட்டு விதை இந்த அளவுகோலுக்கு அடங்குவதில்லை. அப்படியானால் விதை வெளியிலிருந்துதான் வர வேண்டும். விதை யார் கையில் இருக்கிறதோ, பயிரும் அவர் கையில்தான். இது நமக்குப் பருத்தி சொல்லிக்கொடுத்த பாடம்.

இமாச்சல் 2023-ல் சட்டமன்றக் குழு அமைத்து ஆராய்ந்தது. 2024 செப்டம்பரில் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான கட்டுப்பாடான சாகுபடிக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது. பாலம்பூர் வேளாண் பல்கலையும் நௌனி தோட்டக்கலைப் பல்கலையும் சேர்ந்து முன்னோட்ட ஆய்வு செய்யட்டும் என்று 2025 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. தம்பி கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் அது அங்கே. தமிழ்நாட்டில் இப்படி எந்த அனுமதியும் கிடையாது.

மொராக்கோ காட்டும் வழி

உழவர் பக்கத்திலிருந்து பார்க்க நல்ல எடுத்துக்காட்டு மொராக்கோவின் ரிஃப் மலைப்பகுதி. 2003-ல் ஐ.நா. எடுத்த கணக்கில் அங்கே 1,34,000 ஹெக்டேரில் கஞ்சா விளைந்தது. எல்லாம் சிறு குடும்பங்கள். பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஊரை விட்டே வெளியே வராமல் வாழ்ந்தவர்கள் பலர். லாபம் கடத்துகிறவனுக்கு, வழக்கு உழுகிறவனுக்கு.

2021-ல் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் மட்டும் சாகுபடியை அனுமதித்துச் சட்டம் வந்தது. காலங்காலமாக விளைவித்த மூன்று மாகாணங்களின் உழவர்களுக்கு மட்டுமே உரிமம். அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர வேண்டும். சட்டத்துக்கு முன் அந்நாட்டு உள்துறை போட்ட கணக்கில், கள்ளச் சந்தையில் மொத்த வருமானத்தில் உழவருக்குக் கிடைப்பது 4 விழுக்காடுதான். சட்டபூர்வ சந்தையில் அது 12 ஆகலாம் என்றது. 2024 ஆகஸ்டில், சாகுபடி வழக்குகளில் சிக்கிய 4,831 பேருக்கு மன்னர் பொதுமன்னிப்பு தந்தார்.

விதைக் கதை அங்கேயும் நடந்தது. முதல் சட்டபூர்வ அறுவடை 2023-ல் இறக்குமதி விதையில் நடந்தது. அந்த ரகங்களுக்குப் பாசனம் வேண்டும். வறட்சி வாட்டும் மலையில் அது எப்படிக் கட்டும்? ‘பெல்தியா’ என்ற அவர்களின் நாட்டு ரகம் மானாவாரியிலேயே வரும். 2024-ல் அதற்கும் அனுமதி கிடைத்தது. இன்னும் முழுவதும் சரியாகிவிடவில்லை. சங்கத்துக்குத் தந்த விளைச்சலுக்குப் பணம் தாமதமாகிறது என்று குறை எழுந்திருக்கிறது. கள்ளச் சந்தையும் ஒழியவில்லை. ஆனாலும் உழவரை நடுவில் வைத்து ஒரு சட்டம் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

எதிர்ப் பக்கம் கலிபோர்னியா. 2016-ல் வாக்கெடுப்பில் அனுமதி வந்தபோது, பெரிய பண்ணைகளுக்குச் சில ஆண்டு உரிமம் இல்லை, சிறியவர்கள் முதலில் காலூன்றட்டும் என்றார்கள். விதிமுறை எழுதும்போது, ஒரே ஆள் எத்தனை சிறு உரிமம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஓட்டை விட்டார்கள். பணக்காரர்கள் அடுக்கடுக்காக வாங்கினார்கள். விளைச்சல் பெருகி விலை சரிந்தது. ஹம்போல்ட் மலையின் பழைய சிறு விவசாயிகள் பலர் தொழிலையே விட்டார்கள்.

நம்முடைய நிலை

நாம் காணாத மாயப் பயிரா? காட்டாமணக்கில் டீசல் வரும் என்றார்கள். வெனிலா விலை ஏறியபோது கொடியைத் தேடி ஓடினோம். காய்க்கும்போது விலை இல்லை. ஈமு கோழிக்கு முன்பணம் கட்டி 2012-ல் கொங்கு நாடே அழுதது. மூன்றிலும் ஒரே பாடம்: வாங்க ஒரே ஆள்தான் என்றால் விலையும் அவன் வாயில்தான்.

கஞ்சாச் சாகுபடி பற்றிய பேச்சு நாளை இங்கேயும் வரலாம். வந்தால் நாம் கேட்க வேண்டியவை இவை: விதையைச் சேமித்து மறுபடி விதைக்க உரிமை உண்டா? உரிமக் கட்டணம் ஒரு ஏக்கர்காரருக்குக் கட்டுமா? வயலில் டி.எச்.சி. அளவு கூடிவிட்டால் பயிரை அழிக்கும் நட்டம் யாருக்கு? விலை உறுதி உண்டா? உணவுப் பயிர் நிலத்தை இது விழுங்காமல் எப்படிக் காப்பது? ஊர்ப் பிள்ளைகள் கைக்குப் போகாமல் யார் பொறுப்பேற்பது? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாத எந்த அனுமதியும் நமக்கானது இல்லை.

இப்போதைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். யார் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விதை தபாலில் வந்தாலும் விதைக்காதீர்கள். வழக்கு வந்தால் விதை விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

போன வாரம் அந்தத் தம்பியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மஞ்சள் எடுத்த காட்டில் பச்சைப் பசேலென்று ஏதோ இடுப்பளவு நின்றது. நான் பார்த்த பார்வையில் அவரே முந்திக்கொண்டார். “சந்தேகமே வேண்டாமுங்ணா, சணப்புதான். பணம் கட்டுல. அடுத்த வாரம் மடக்கி உழுவோணும், வந்துட்டுப் போங்க.”