எடையில் வாங்கி, டம்ளரில் அளந்து...

கடைகளிலிருந்து படியையும் ஆழாக்கையும் சட்டம் அகற்றிவிட்டது. சமையலறையில் அவற்றின் வாரிசுகள் இன்னும் ஆள்கின்றன.

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் சாலையை ஒட்டி இருக்கிறது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. ரவா இட்லி, தோசை மாவுக் கலவைகளுக்குப் பேர் போன எம்.டி.ஆர். நிறுவனத்தின் தொழிற்சாலை இங்குதான். 1924-ல் மையா சகோதரர்கள் தொடங்கிய சிற்றுண்டி விடுதி, நெருக்கடி நிலைக் காலத்தில் பொட்டலங்களில் கால் பதித்தது. பொட்டலம் என்றால் எடை முக்கியம். 500 கிராம் என்று அச்சிட்ட உறையில் 15 கிராமுக்கு மேல் குறைந்தால் சட்டப்படி தவறு.

இத்தனை கறாரும் உறையைப் பிரிக்கும்வரைதான். வீட்டில் ஒருவர் டம்ளரை மாவில் அமுக்கிக் கோபுரமாக அள்ளுகிறார். இன்னொருவர் தலை தட்டி அளக்கிறார். இருவருக்கும் அது ‘ஒரு டம்ளர்’.

இது பழைய பழக்கம். தமிழ்நாட்டில் எட்டு ஆழாக்கு ஒரு படி. கர்நாடகத்தில் நான்கு பாவு ஒரு சேரு. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறியதால் ஏமாற்றுவதும் எளிதாக இருந்தது. 1956-ல் வந்த எடை, அளவைச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. 1958 அக்டோபரில் கிலோவும் கிராமும் கடைகளுக்கு வரத் தொடங்கின.

வீடுகள் மாறாததற்குக் காரணம் உண்டு. மாவு, சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் பிசகுவதில்லை. அந்தக் குறிப்பு வேறு வீட்டுக்குப் போகும்போதோ, கப் கணக்கைக் கிராமுக்கு மாற்றும்போதோதான் சிக்கல்.

கப்பே ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி.; மெட்ரிக் கப் 250. ஒரே கப்பில் எல்லா மாவும் ஒரே எடை நிற்பதும் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, ஒரு கப் ரவை 167 கிராம், அரிசி மாவு 158, மைதா 125, கோதுமை மாவு 120, கடலை மாவு 92.

ரிப்பன் பகோடாவை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கப் அரிசி மாவுக்கு ஒரு கப் கடலை மாவு என்றால் 316 கிராமுக்கு 92 கிராம். ‘இரண்டுக்கு ஒன்று’ என்பதை அப்படியே தராசில் வைத்தால் கடலை மாவு 158 கிராம் ஆகிவிடும். ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல்! பிறகு எண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை.

அள்ளும் விதமும் கணக்கை மாற்றும். கரண்டியால் மெதுவாகப் போட்டுத் தலை தட்டிய மைதா 120 கிராம் இருக்கும். அமுக்கி அள்ளினால் 150-ஐத் தொடும். எட்டு கப் போட்டால் கால் கிலோ வித்தியாசம். தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்து விற்பவர்களுக்கு இது ருசியின் பிரச்னை மட்டுமல்ல, லாபத்தின் பிரச்னையும்கூட.

ஆகவே எந்த அட்டவணையும் தொடக்கப் புள்ளியே. மெஷினில் அரைத்து வந்த மாவும் கடை மாவும் ஒன்றல்ல. சலித்த மாவு லேசாகும். ஊறிய அரிசியை இடித்த ஈர மாவு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கும்.

வழி எளிது. வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் டம்ளரைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்க வேண்டும். வழக்கம்போல் மாவை அள்ளி நிறுத்து, இதையே மூன்று முறை செய்து சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாவுக்கும் தனி எண். அதை அந்தந்த மாவு டப்பாவின் மூடியில் எழ்தி ஒட்டிவிட்டால் போதும். பாட்டியின் டம்ளர் தொலைந்தாலும் பாட்டியின் முறுக்கு தொலையாது.